வளித்தடையைப் புறக்கணிக்கலாமா? மரக்குற்றியால் சன்னத்தை அளந்த பெஞ்சமின் றொபின்ஸ்

உயர்தரத்தில் இணைந்த கணிதம் படித்தவர்கள் ஒரு வரியை மறந்திருக்க மாட்டார்கள். எறியக் கணக்குகளின் கடைசியில் வரும் வரி அது: வளித்தடையைப் புறக்கணிக்க. கல்லை எறிந்தாலும் சரி, பீரங்கியால் குண்டைச் சுட்டாலும் சரி, காற்று இல்லை என்று வைத்துக்கொண்டு கணக்கைச் செய்ய வேண்டும். அப்படிச் செய்தால் பாதை அழகான பரவளைவாக வரும். விடை வரும், புள்ளியும் கிடைக்கும்.

நான் இந்தக் கணக்குகளைப் படித்தது இடம்பெயர்ந்த பாடசாலை ஒன்றில், தறப்பாளுக்குக் கீழே. கரும்பலகையை ஒரு பூவரச மரத்தில் சாய்த்து வைத்திருந்தோம். ஷெல் குத்துகிற சத்தம் கேட்டால் மாஸ்டர் எழுதுவதை நிறுத்திவிடுவார். விழுகிற சத்தம் வரும்வரை எல்லோரும் மனதுக்குள் எண்ணுவோம். தூரத்தில்தான் விழுந்தது என்று தெரிந்ததும் அவர் மறுபடி எழுதத் தொடங்குவார். ஒருநாள் வகுப்பில் ஒருவன் எழுந்து, கணக்கில் எல்லாம் சரியாகப் போய் விழுகிறதே, பிறகேன் ஷெல் ஒரு இடத்துக்கு அடித்தால் இன்னொரு இடத்தில் விழுகிறது என்று கேட்டான். மாஸ்டர் சிரிக்கவில்லை. பரீட்சைக்குக் காற்று தேவையில்லை, வெளியில் காற்றில்லாமல் ஒன்றும் இல்லை என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த கணக்குக்குப் போனார்.

அந்த அடுத்த கணக்கும் எல்லோருக்கும் தெரிந்ததுதான். நூலில் தொங்கும் மரக்குற்றிக்குள் ஒரு சன்னம் பாய்ந்து புதைகிறது. குற்றி இவ்வளவு உயரத்துக்கு ஊசலாடுகிறது. சன்னத்தின் வேகம் என்ன? உந்தக் காப்பு விதியைப் போட்டு, பிறகு சக்திக் காப்பு விதியைப் போட்டால் நான்கு வரியில் விடை வந்துவிடும். அந்தக் குற்றியை உண்மையாகவே தொங்கவிட்டு, உண்மையாகவே சுட்டுப் பார்த்த ஒருவர் இருந்தார் என்பதும், அவர் அதைச் செய்ததே காற்றைப் புறக்கணிக்க முடியாது என்று காட்டத்தான் என்பதும் எனக்குப் பல வருடங்களுக்குப் பிறகுதான் தெரியவந்தன. அவர் இறந்தது தமிழ்க் கடற்கரையில், கடலூருக்குப் பக்கத்தில் என்பதை அறிந்தது அதற்கும் பிறகு.

அவரது பெயர் பெஞ்சமின் றொபின்ஸ். சன்னங்களும் குண்டுகளும் பறக்கும் விதத்தை ஆராயும் எறியியலின் தந்தை என்று அவரைச் சொல்வார்கள். ஷெல்லுக்குக் கீழே வளர்ந்த ஒருவனுக்கு அவரது வாழ்க்கையைப் படிப்பது இலகுவான காரியமல்ல. ஆனாலும் படித்தேன். படித்ததில் எனக்கு முக்கியமாகப் பட்டதை இங்கே எழுதுகிறேன்.

ஆயுதம் தொடாதவர்களின் பிள்ளை

றொபின்ஸ் 1707 இல் இங்கிலாந்தின் பாத் நகரில் பிறந்தார். வசதியில்லாத குடும்பம். பெற்றோர் குவேக்கர் சமயத்தவர். குவேக்கர்கள் போருக்குப் போகமாட்டார்கள், ஆயுதம் எடுக்கமாட்டார்கள். போரால் பாதிக்கப்பட்டவர்களுக்கு நிவாரணம் செய்ததற்காக அவர்களது அமைப்புகளுக்கு 1947 இல் சமாதானத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. அந்தச் சமயத்தில் பிறந்த பிள்ளைதான் துப்பாக்கியை விஞ்ஞானமாக்கியது.

அவருக்குப் பல்கலைக்கழகப் படிப்பு இல்லை. கணிதத்தைப் பெரும்பாலும் தானே படித்தார். அவரது திறமையைக் கண்டவர்கள், நியூற்றனின் நூலின் மூன்றாம் பதிப்பைப் பதிப்பித்த ஹென்றி பெம்பேட்டனுக்கு அவரது வேலையை அனுப்பினார்கள். அப்படித்தான் லண்டன் வந்தார். 1727 இல், 20 வயதிலேயே றோயல் சொசைட்டியின் அங்கத்தவரானார். பிழைப்புக்கு அவர் செய்தது எங்களுக்கு நன்கு தெரிந்த தொழில்: ரியூசன். மாணவர்களைத் தனித்தனியாக எடுத்துக் கணிதம் படிப்பித்தார். குவேக்கர்களுக்குரிய எளிய உடையையும் வழக்கங்களையும் காலப்போக்கில் விட்டுவிட்டார். பிறகு படிப்பித்தலையும் விட்டு, துறைமுகம், பாலம், வடிகால் என்று பொறியியல் பக்கம் திரும்பினார். கோட்டை கட்டும் கலையையும் கற்றார்.

அரசியலிலும் இறங்கினார். அப்போதைய பிரதமர் வல்போலின் ஸ்பெயின் கொள்கையைத் தாக்கி 1739 இல் பிரசுரங்கள் எழுதினார். 1741 இல் வூலிச்சில் பீரங்கிப்படைக்கான இராணுவக் கல்லூரி தொடங்கியபோது, அங்கே கோட்டையியல் படிப்பிக்கும் பதவிக்கு முயன்றார். அது வேறொருவருக்குப் போனது. எழுதிய பிரசுரங்களே அவரது வழியை அடைத்தன என்று அவரைப் பற்றி எழுதியவர்கள் சொல்கிறார்கள். பதவிக்கென்று தயாரித்து வைத்திருந்த பாடக்குறிப்புகள் மிஞ்சின. அவற்றை விரிவாக்கி 1742 இல் ஒரு நூலாக வெளியிட்டார். பீரங்கியியலின் புதிய கோட்பாடுகள் என்பது அதன் பெயர். அளவில் சிறிய நூல். அது வந்தபிறகு பீரங்கியியல் பழைய மாதிரி இருக்கவில்லை.

மரக்குற்றியும் நாடாவும்

அந்தக் காலத்தில் சன்னத்தின் வேகம் எவருக்கும் தெரியாது. கண்ணுக்குத் தெரியாமல் போகும் ஒன்றை எப்படி அளப்பது? செக்கனில் ஆயிரத்தில் ஒரு பங்கை அளக்கும் மணிக்கூடு எதுவும் அப்போது இல்லை.

றொபின்ஸ் செய்தது எந்தத் தச்சுப் பட்டறையிலும் செய்யக்கூடிய ஒன்று. மூன்று கால் கொண்ட ஒரு சட்டத்திலிருந்து இரும்பால் செய்த ஊசலைத் தொங்கவிட்டார். அதன் முகப்பில் தடித்த மரத்துண்டைப் பொருத்தினார். மொத்தம் 56 இறாத்தலுக்குச் சற்று மேலே, அதாவது கிட்டத்தட்ட 25 கிலோ. ஊசலின் அடியில் ஒரு நாடாவைக் கட்டி, அதை ஒரு சிறிய பிடிக்குள்ளால் விட்டார். சன்னம் மரத்தில் புதைந்ததும் ஊசல் பின்னே போகும். போகும்போது நாடாவை இழுக்கும். எவ்வளவு நாடா வெளியே வந்ததோ, அவ்வளவு ஊசல். அதிலிருந்து சன்னம் மோதிய வேகம். விலை உயர்ந்த கருவி ஒன்றும் இல்லை. மரம், இரும்பு, நாடா, நியூற்றனின் விதிகள், அவ்வளவுதான்.

கருவியைவிடக் கெட்டிக்காரத்தனம் அதை அவர் பயன்படுத்திய விதத்தில் இருக்கிறது. ஒரே துப்பாக்கி, ஒரே அளவு மருந்து, முக்கால் அங்குல ஈயச் சன்னம். ஊசலை 25 அடி தூரத்தில் வைத்துச் சுட்டார். பிறகு 75 அடியில், பிறகு 125 அடியில். கிடைத்த வேகங்கள் செக்கனுக்கு 1670 அடி, 1550 அடி, 1425 அடி. நூறு அடி தூரம் காற்றுக்குள் போனதிலேயே செக்கனுக்கு 245 அடி வேகம் இல்லாமல் போய்விட்டது. ஒரு வளவின் இந்த வேலியிலிருந்து அந்த வேலிக்கு உள்ள தூரம் அது.

இந்த எண்களை எந்த உயர்தர மாணவரும் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சன்னத்தின் நிறை ஒரு இறாத்தலில் 12 இல் ஒரு பங்கு. அதைக் காற்று பின்னுக்குத் தள்ளும் விசையோ ஏறத்தாழ 10 இறாத்தல். அதாவது சன்னத்தின் நிறையைப்போல 120 மடங்கு. புவியீர்ப்பை மட்டும் கணக்கில் எடுத்துக் காற்றை விட்டவர்கள், சிறியதை எடுத்துக்கொண்டு 120 மடங்கு பெரியதை விட்டிருந்தார்கள்.

கலிலியோ 1638 இல் பரவளைவைக் காட்டியதிலிருந்து பீரங்கிக்காரரின் கைநூல்கள் அதையே நம்பியிருந்தன. இரும்பும் ஈயமும் கனமானவை, காற்றோ இலேசானது, அது என்ன செய்துவிடும் என்பது பொது நம்பிக்கை. றொபின்ஸ் ஒரு கணக்கைக் காட்டினார். தான் அளந்த வேகத்தில் ஒரு சன்னத்தை 45 பாகையில் சுட்டால் பரவளைவின்படி அது 17 மைல் போக வேண்டும். உண்மையில் அது போவது அரை மைலுக்கும் குறைவு. மிச்சம் பதினாறரை மைலையும் காற்று தின்றுவிடுகிறது.

இன்னொன்றையும் அவர் கண்டார். வேகம் ஒலியின் வேகத்தை நெருங்கும் இடத்தில் வளித்தடை திடீரென்று ஏறுகிறது, மெதுவாகப் போகும் குண்டுகளுக்குரிய விதியைக் கொண்டு கணித்தால் வருவதைப்போல ஏறத்தாழ மூன்று மடங்காகிறது. ஒலித்தடை என்று 20 ஆம் நூற்றாண்டில் விமானிகள் பேசிய விடயத்தை, ஒரு மரக்குற்றியை வைத்துக்கொண்டு 1740 களிலேயே தொட்டுவிட்டார்.

வளைந்த குழல்

இவ்வளவும் முன்னுக்கும் பின்னுக்கும் நடக்கும் கதை. சன்னம் பக்கவாட்டில் ஏன் விலகுகிறது என்பது அடுத்த கேள்வி. துப்பாக்கியை அசையாமல் இறுக்கிப் பூட்டி, காற்று வீசாத நேரத்தில் சுட்டாலும், சன்னங்கள் இடதுக்கும் வலதுக்கும் சிதறின. தூரம் இரண்டு மடங்கானால் விலகல் இரண்டு மடங்காக வேண்டும். ஆனால் அதைவிடக் கூடுதலாக வந்தது. அப்படியென்றால் சன்னம் நேராகச் சரிந்து போகவில்லை, போகப்போக வளைகிறது.

உருண்டைச் சன்னம் குழலின் ஒரு பக்கத்தில் உரசிக்கொண்டு வெளியேறும்போது சுழலத் தொடங்குகிறது, சுழலும் உருண்டையைக் காற்று ஒரு பக்கமாகத் தள்ளுகிறது என்று றொபின்ஸ் விளக்கினார். அதை நிரூபிக்க ஒரு துப்பாக்கியின் குழலை நுனியில் இடது பக்கமாக வளைத்தார். வழியில் மெல்லிய கடதாசித் திரைகளை நிறுத்திச் சுட்டார். சன்னம் முதலில் எதிர்பார்த்ததுபோல இடது பக்கமாகவே போனது. ஆனால் வளைந்த குழலின் வலது சுவரில் உருண்டு சுழன்று வந்ததால், போகப்போக வலது பக்கம் திரும்பி, கடைசியில் நேர்கோட்டையும் தாண்டி வலது பக்கத்தில் பட்டது. கடதாசியில் விழுந்த ஓட்டைகளே சாட்சி.

இதை நாங்கள் வேறு இடத்தில் பார்த்திருக்கிறோம். முத்தையா முரளிதரனின் பந்து நிலத்தில் படுவதற்கு முன்பே காற்றில் ஒரு பக்கம் விலகுமே, அதன் காரணமும் இதுதான். இன்று அதற்கு மக்னஸ் விளைவு என்று பெயர். மக்னஸ் என்ற ஜேர்மன் விஞ்ஞானி அதை ஆராய்ந்தது றொபின்ஸுக்கு ஒரு நூற்றாண்டு கழித்து.

இந்த ஆய்வுகளுக்காக 1746 இல் றோயல் சொசைட்டியின் கொப்ளி பதக்கம் அவருக்குக் கிடைத்தது. அடுத்த வருடம் றைபிள் பற்றிய கட்டுரையை வாசித்தார். குழலுக்குள் சுருள் வடிவில் வரிகள் வெட்டினால் சன்னம் போகும் திசையையே அச்சாகக் கொண்டு சுழலும், அப்போது பக்கவாட்டில் திரும்பாது என்று காட்டினார். உருண்டையை விட முட்டை வடிவச் சன்னம் நல்லது என்றும் சொன்னார். இதை முதலில் முழுமையாகப் புரிந்துகொண்டு தன் படைக்குக் கொடுக்கும் நாடு மற்ற நாடுகளை மிஞ்சும் என்று எச்சரித்தார். உடனே யாரும் கேட்கவில்லை. நூறு வருடங்களுக்குப் பிறகு கிரைமியப் போரிலும் அமெரிக்க உள்நாட்டுப் போரிலும் அந்த எச்சரிக்கை பலித்தது. அதன் விலையைச் சாதாரணச் சிப்பாய்கள் கொடுத்தார்கள்.

இலக்கில் சுடுபவர்கள் கற்றுக்கொண்டது

றொபின்ஸின் வேலை போர்க்களத்தோடு நின்றுவிடவில்லை. 1860 இல் லண்டனுக்கு அருகே விம்பிள்டனில் பிரித்தானியத் தேசிய றைபிள் சங்கத்தின் முதல் போட்டி நடந்தது. விக்ரோறியா மகாராணி முதல் சூட்டைச் சுட்டு அதைத் தொடக்கிவைத்தார். கடதாசி இலக்கில் தூரத்திலிருந்து சுடும் விளையாட்டு அதற்குப் பின்னர் பல நாடுகளில் வளர்ந்தது. அந்த விளையாட்டில் பெரிய எதிரி காற்றுத்தான். காற்றை எப்படிக் கணக்கில் எடுப்பது என்று அவர்கள் கற்றுக்கொண்டதன் அடியில் றொபின்ஸ் அளந்த அந்த வேக இழப்பு இருக்கிறது.

பக்கக் காற்று சன்னத்தை ஆற்று நீர் ஓடத்தை இழுப்பதுபோல இழுத்துக்கொண்டு போகும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அப்படியில்லை. காற்று தடையாக இருப்பதால்தான் சன்னத்தைத் தள்ளவும் அதனால் முடிகிறது. தடை எவ்வளவோ அவ்வளவுக்கே தள்ளலும். எனவே பார்க்க வேண்டியது பறக்கும் மொத்த நேரத்தை அல்ல. காற்றே இல்லாவிட்டால் எடுக்கும் நேரத்தைவிட எவ்வளவு நேரம் தாமதமாகிறது என்பதைத்தான். அந்தத் தாமதத்தைப் பக்கக் காற்றின் வேகத்தால் பெருக்கினால் விலகல் வரும்.

விளையாட்டுச் சுடுதலில் மிக மலிவான .22 றைபிளை எடுத்துக்கொள்வோம். சன்னம் செக்கனுக்கு 330 மீற்றர் வேகத்தில் புறப்படுகிறது. 100 மீற்றர் போகக் காற்றில்லாவிட்டால் செக்கனில் 100 இல் 30 பங்கு எடுக்கும். உண்மையில் ஏறத்தாழ 33 பங்கு எடுக்கிறது. தாமதம் 3 பங்கு. செக்கனுக்கு 4 மீற்றர் வேகத்தில் பக்கக் காற்று வீசினால் விலகல் ஏறத்தாழ 12 சென்ரிமீற்றர். ஓடக் கணக்கைப் போட்டிருந்தால் ஒரு மீற்றருக்கு மேல் வந்திருக்கும். இலக்கின் நடுப்புள்ளிக்கு 12 சென்ரிமீற்றரே பெரிய தூரம்.

இதில் இன்னொரு வேடிக்கை உண்டு. ஒலியைவிட வேகமாகப் புறப்படும் .22 சன்னம், ஒலியைவிடச் சற்று மெதுவாகப் புறப்படும் சன்னத்தைவிடக் காற்றில் கூடுதலாக விலகும். ஒலியின் வேகத்தை அண்டிய இடத்தில் தடை ஏறுகிறது, தாமதமும் ஏறுகிறது. றொபின்ஸ் கண்ட அதே விடயம். அதனால் இலக்கில் சுடும் அனுபவசாலிகள் மெதுவான சன்னத்தை விரும்பி எடுக்கிறார்கள்.

காற்றின் வேகத்தை அறியவும் காசு கொடுத்து வாங்கும் கருவி கட்டாயமில்லை. ஒரு தடியில் கட்டிய துணி, புல் சாயும் விதம், புகை போகும் திசை, வெயிலில் தரைக்கு மேல் நெளியும் கானல் ஆகியவற்றைப் பார்த்தே பழக்கப்பட்டவர்கள் சொல்லிவிடுவார்கள். தங்களுக்குக் கிட்ட வீசும் காற்றை அவர்கள் கூடுதலாகக் கவனிப்பார்கள். தொடக்கத்தில் ஏற்படும் சிறு திருப்பம் மிச்சத் தூரம் முழுவதும் கூடவே வருவதே அதற்குக் காரணம். ஒவ்வொரு சூட்டையும் அன்றைய காற்றையும் ஒரு கொப்பியில் எழுதிவைப்பார்கள். எங்கள் கடற்றொழிலாளர்கள் கடலின் நிறத்தையும் அலையின் நுனியையும் பார்த்துக் காற்றைச் சொல்வதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

குண்டு விழுந்த கிராமங்கள்

1745 இல் கணிதமேதை ஒயிலர் பேர்லினிலிருந்து றொபின்ஸின் நூலை ஜேர்மன் மொழியில் பெயர்த்தார். மூலத்தைவிடப் பல மடங்கு பெரிய விளக்கவுரையையும் அதில் சேர்த்தார். பின்னர் அது பிரெஞ்சுக்குப் போனது. இளம் பீரங்கிப்படை அதிகாரியாக இருந்த நெப்போலியன் அதைப் படித்துக் குறிப்பெடுத்தார். றொபின்ஸ் அதையெல்லாம் காண உயிரோடு இருக்கவில்லை.

கிழக்கிந்தியக் கம்பனி அவரைத் தன் பிரதம பொறியியலாளராக நியமித்தது. இந்தியாவிலுள்ள தன் கோட்டைகளைப் பலப்படுத்துவது வேலை. 1749 இன் முடிவில் கப்பலேறி 1750 யூலையில் வந்து சேர்ந்தார். அப்போது தமிழ் நிலம் போருக்குள் இருந்தது. பாண்டிச்சேரியில் டூப்ளே. கடலூருக்கு அருகே தேவனாம்பட்டினத்தில் ஆங்கிலேயரின் சென் டேவிட் கோட்டை. ஆர்க்காட்டு நவாப் பதவிக்குச் சந்தா சாகிப்பும் முகமது அலியும் சண்டை. ஒருவருக்குப் பின்னால் பிரெஞ்சுக்காரர், மற்றவருக்குப் பின்னால் ஆங்கிலேயர். வயலும் கிணறும் வைத்திருந்த சனங்களிடம் எவரும் எதையும் கேட்கவில்லை. 1746 இல் பிரெஞ்சுக்காரர் பிடித்த சென்னை, 1749 இல் ஐரோப்பாவில் எழுதப்பட்ட ஒப்பந்தத்தின்படி ஆங்கிலேயரிடம் திரும்பியிருந்தது.

றொபின்ஸ் போய்ச் சேர்ந்த சென் டேவிட் கோட்டைக்கு ஒரு பழைய கதை இருக்கிறது. 1690 இல் கம்பனி அந்தக் கோட்டையை மராத்தியரிடம் விலைக்கு வாங்கியது. கோட்டையோடு சேர்த்து எவ்வளவு நிலம் என்பதற்கு அவர்கள் வைத்துக்கொண்ட அளவுகோல் பீரங்கி. கோட்டையிலிருந்து எல்லாத் திசைகளுக்கும் சுட வேண்டும். குண்டு எங்கே விழுகிறதோ அதுவரை உள்ள ஊர்கள் எல்லாம் கம்பனிக்கு. அதற்கென்றே சென்னையிலிருந்து நல்ல பீரங்கியொன்றும் சுடுபவரும் வந்தார்கள். அப்படிக் கம்பனிக்குள் விழுந்த ஊர்கள் பின்னரும் குண்டுக் கிராமங்கள் என்று அழைக்கப்பட்டன.

இதைப் படித்தபோது நான் புத்தகத்தை மூடிவைத்தேன். குண்டு விழுகிற இடத்தைப் பொறுத்து ஒரு ஊரின் விதி தீர்மானிக்கப்படுவது எங்களுக்குப் புதிதல்ல. ஆனால் அதை ஒரு விற்பனை உறுதியின் எல்லையாகவே எழுதியிருக்கிறார்கள். அன்று கடற்காற்று இன்னும் கொஞ்சம் பலமாக வீசியிருந்தால் ஏதோ ஒரு ஊர் உள்ளே வந்திருக்கும், வேறொன்று தப்பியிருக்கும்.

குண்டு உண்மையில் எவ்வளவு தூரம் போகும் என்பதை உலகத்துக்குச் சொன்ன மனிதர் அந்த எல்லைக்குள்தான் தன் கடைசி வருடத்தைக் கழித்தார். வந்த சில மாதங்களிலேயே காய்ச்சல் பிடித்தது. விட்டு விட்டு வந்தது. அந்த உடம்போடு சென் டேவிட் கோட்டைக்கும் சென்னைக்கும் பாதுகாப்புத் திட்டங்களை வரைந்தார். 1751 யூலை 29 இல், 44 வயதில், கோட்டையிலேயே இறந்தார். கம்பனிக்கு அறிக்கை எழுதிக்கொண்டிருந்தபோது பேனாவோடு உயிர் போனதாகச் சொல்வார்கள். அடுத்த சில வாரங்களில் றொபேட் கிளைவ் ஆர்க்காட்டுக்குப் படை நடத்திப் போனார். 1758 இல் பிரெஞ்சுத் தளபதி லாலி சென் டேவிட் கோட்டையைப் பிடித்து இடித்துவிட்டார். இன்று தேவனாம்பட்டினத்தில் இருப்பது சிதைவுகள் மட்டும்.

சாட்டுச் சொல்ல முடியாத காலம்

றொபின்ஸை நான் எப்படிப் பார்ப்பது? ஆயுதம் தொடாதவர்களின் வீட்டில் பிறந்து, கொலைக் கருவியைத் திருத்தமாக்கக் கற்றுக்கொடுத்தவர் என்று சொல்லி முடித்துவிடலாம். அது உண்மைதான். ஆனால் முழு உண்மையல்ல. ஒரு கப்பியும் நிறையும் கொண்டு சுழலும் கையொன்றைச் செய்து, வெவ்வேறு வடிவப் பொருட்கள் காற்றில் எவ்வளவு தடையைச் சந்திக்கின்றன என்றும் அவர் அளந்தார். பின்வந்தவர்கள் விமான இறக்கைகளைப் பரிசோதித்த சுழலும் கைகள் அதன் வழி வந்தவை. அறிவு யாருடைய கைக்குப் போகிறதோ அந்தக் கையின் வேலையைச் செய்கிறது.

எனக்கு அவர் முக்கியமானவராவது வேறொரு காரணத்தால். எங்கள் ஒழுங்கையில் ஒரு பின்னேரம் ஷெல் விழுந்தது. எங்கள் வீட்டிலிருந்து நான்காவது வீடு. மூன்று பேர் போனார்கள். ஒருத்தி என்னோடு படித்தவள். செத்தவீட்டில் பெரியவர்கள், அது இங்கே அடித்ததில்லை, வேறெங்கேயோ அடித்தது காற்றில் தள்ளுப்பட்டு வந்து விழுந்துவிட்டது என்று தங்களுக்குள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அப்படிச் சொல்வதில் அவர்களுக்கு ஒரு ஆறுதல் இருந்தது. யாரும் எங்களைக் கொல்ல நினைக்கவில்லை என்ற ஆறுதல். நானும் பல காலம் அதையே நம்பிக்கொண்டிருந்தேன்.

இன்று அந்தச் சொல் எனக்குப் போதவில்லை. காற்று குண்டைத் தள்ளும், தூரம் கூடக்கூட விலகல் அதைவிடக் கூடுதலாகக் கூடும் என்பது 1740 களிலேயே அளந்து எழுதப்பட்ட விடயம். அதற்குப் பிறகு வந்த எந்தப் பீரங்கிப்படையும் அதை அறியாமல் சுடுவதில்லை. காற்றை அளக்க பலூன் விடுகிறார்கள். வெப்பநிலையையும் வளியமுக்கத்தையும் கணக்கில் எடுக்கிறார்கள். இந்தத் தூரத்தில் இத்தனை மீற்றர் சிதறும் என்று அட்டவணை வைத்திருக்கிறார்கள். அந்தச் சிதறலுக்குள் ஒரு ஒழுங்கையும் நான்கு வீடுகளும் இருக்கின்றன என்று தெரிந்துகொண்டு சுட்டால், விழுந்த இடத்துக்குக் காற்று பொறுப்பாக முடியாது. யார் சுட்டாலும் இது பொருந்தும். எந்தச் சீருடைக்கும் இதில் விலக்கில்லை.

இப்போது நானும் உயர்தர வகுப்புக்குக் கணிதம் படிப்பிக்கிறேன். பாடத்திட்டம் மாறவில்லை. வளித்தடையைப் புறக்கணிக்க என்ற வரியைப் பலகையில் எழுதத்தான் வேண்டும். போருக்குப் பின் பிறந்த பிள்ளைகள் அதைக் கேள்வி கேட்காமல் கொப்பியில் எழுதுகிறார்கள். ஊசல் கணக்கு வரும் நாளில் மட்டும் ஒரு பத்து நிமிடம் எடுத்துக்கொள்கிறேன். 1670, 1550, 1425 என்ற மூன்று எண்களைப் பலகையில் எழுதி, காற்று பிடித்த விசையை அவர்களையே கணிக்கச் சொல்கிறேன். 120 மடங்கு என்று விடை வரும்போது வகுப்பு கொஞ்சம் அமைதியாகும். பிறகு மரக்குற்றியை வைத்து அதை அளந்தவர் கடலூரில் காய்ச்சலில் இறந்த கதையைச் சொல்கிறேன். ஒழுங்கையின் கதையை இன்னும் சொல்லவில்லை. கேட்கிற ஒரு பிள்ளை என்றைக்காவது எழுந்து அந்தப் பழைய கேள்வியைக் கேட்டால் சொல்லுவேன்.